தீவிர இடதுசாரிகளும் தர்மபுரியின் பாடமும்

போச்சம்பள்ளி வட்டாரத்தில் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியாகும் இக்காலத்தில், நக்ஸலைட் இயக்கத்தைப் பற்றிய விவாதம் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். அது செத்துப்போன சங்கதி என்பது அவர்கள் கட்சி. ஏழைகளுக்கு அதுவே கடைசிப் புகல் என்பது மற்றொரு சாராரின் கட்சி. இவ்விரண்டையும் நாம் ஒப்புவதற்கில்லை.

கிருஷ்ணகிரி தனி ஜில்லாவானது 2004-ல்தான். அதற்கு முன் போச்சம்பள்ளியும் அடங்கியிருந்த தர்மபுரி ஜில்லாவில், 1970-களின் பிற்பகுதியில் இவ்வியக்கத்தார் வேரூன்றினர். தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குவளை வைக்கும் இழிவையும், கந்துவட்டிக் கொடுமையையும் எதிர்த்து நின்றனர். இது அவர்கள் கணக்கில் வரவேயாகும். தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் 1955-லேயே பிறந்துவிட்டது. அது கிராமத்துக் கடைக்கு வந்து சேராதது யார் குற்றம்?

செலவையும் பார்க்க வேண்டும். 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் வெடித்த குண்டுக்கு இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் மூன்று போலீஸாரும் இரையாயினர். சர்க்காரின் வேட்டை மூண்டது. அடுத்த மாதமே இயக்கத் தலைவர் பாலன் போலீஸ் நடவடிக்கையில் மாண்டார். அவருக்குச் சிலை எழுந்த நாயக்கன்கொட்டாய்ப் பகுதியிலேயே, 2012 நவம்பர் 7-ந் தேதி, ஒரு கலப்பு மணத்தைச் சாக்கிட்டு, தாழ்த்தப்பட்டோரின் 250-க்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. அச்சத்தினால் மறைந்த ஜாதி வெறி, அச்சம் நீங்கியதும் தலைதூக்கிற்று.

அதே ஜில்லாவிலுள்ள வாச்சாத்தியில், 1992 ஜூன் 20-ந் தேதி, வனத்துறை, போலீஸ், ரெவின்யூ சிப்பந்திகள் மலைவாசிகள் மீது பாய்ந்தனர். 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளாயினர். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சியாரும் துப்பாக்கி எடுக்கவில்லை, கோர்ட்டை நாடினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், இறந்தோர் நீங்கலாக 215 பேரும் 2011-ல் தண்டிக்கப்பட்டனர். 2023-ல் ஹைகோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. இதுவும் இடதுசாரிகளின் சாதனைதான். இதுவே நிலைக்கும் சாதனை என்பது நம் அபிப்பிராயம்.

ஆனால் முதல் தீர்ப்புக்கே 19 வருஷம் சென்றது. பலாத்காரத்தைக் கைவிடும்படி வாலிபர்களுக்கு உபதேசிக்கும் சர்க்கார் இதற்கு என்ன பதில் சொல்லும்? தொழிற்சாலை வாயிலில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவனுக்கும், சேரியில் வீடிழந்தவனுக்கும் நியாயம் காலத்தில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிடில், குறுக்கு வழி காட்டுவோருக்குச் செவி சாய்ப்போர் இருந்துகொண்டேயிருப்பர். தொண்டர்களும் இதை உணர்ந்து, வழக்கு முடியும்வரை அம்மக்களுடன் நிற்பார்களாக.