சிறு சொல்லும் பெரும் பொறுப்பும்

சென்னைத் தியாகராய நகரிலிருந்து மேற்கு மாம்பலம் செல்வோர், இருப்புப்பாதையின் அடியில் அமைந்த சுரங்கப்பாதை ஒன்றைக் கடப்பர். அதன் பெயர் அரங்கநாதன் சுரங்கப்பாதை. 1965-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மொழிப் போராட்டத்தில் உயிர் துறந்த விருகம்பாக்கம் அரங்கநாதனின் நினைவைத் தாங்கியது அப்பெயர். அப்போராட்டத்தின் முன்வரலாற்றில் ஆங்கிலச் சிறு சொற்கள் இரண்டு பெரும்பங்கு கொண்டிருந்தன என்பதை அவ்வழிச் செல்வோருள் எத்துணைப் பேர் அறிவர்? 'மே' என்பது ஒன்று. 'ஷல்' என்பது மற்றொன்று.

இவை துணைவினைகள். தமக்கெனத் தனித்தொழில் இல்லாதவை. எனினும் தலைமை வினையோடு சேர்ந்து, அச்செயல் கடமையா, இசைவா, உறுதியா, ஐயமா என்பதை உணர்த்துபவை. நம் மொழிக்கும் இது புதிதன்று. 'வருவான்' என்பது துணிவு. 'வரக்கூடும்' என்பது ஐயம். 'வர வேண்டும்' என்பது கடமை. கேட்போர் நிலை நோக்கி ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் வேறுபடுத்திக் காட்டிய தொல்காப்பியர் மரபில் வந்த நமக்கு, சொல்லின் நுண்மை சிறு பொருளாகத் தோன்றுதல் தகாது.

1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கியது. ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகள் தொடர்வதற்கும் வழி செய்தது. அக்கெடு முடியுமுன், 1963-இல் ஆட்சிமொழிச் சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்திற்கு வந்தது. ஆங்கிலம் மேலும் 'தொடரலாம்' என்னும் பொருளில் 'மே' என்ற சொல்லே அதில் இருந்தது. இங்கே அது 'ஷல்' என்னும் கட்டாயப் பொருளையே தரும் என்று தலைமையமைச்சர் நேரு விளக்கினார். பொருள் அதுவாயின் அச்சொல்லையே எழுதுவதற்குத் தடை யாது என்று வினவினர் எதிர்த்தோர். அவர்களுள் முன்னின்றவர், அந்நாள் மாநிலங்களவை உறுப்பினராயிருந்த அறிஞர் அண்ணா. 'தொடரலாம்' என்பதனுள் 'தொடராமலும் விடலாம்' என்பது அடங்கியிருக்கிறதன்றோ? ஆயினும் சொல் மாறாமலே சட்டம் நிறைவேறியது.

1964 மே 27-ஆம் நாள் நேரு மறைந்தார். அடுத்த ஆண்டு சனவரி 26-இல் பதினைந்து ஆண்டுக் கெடுவும் முடிந்தது. விளக்கம் தந்தவர் இல்லை. சொல் மட்டும் ஏட்டில் நின்றது. தமிழகத்து மாணவர் உள்ளத்தில் எழுந்த அச்சத்திற்கு அச்சொல் ஒன்றே காரணம் எனல் மிகையாகும். ஆயினும் அவ்வச்சத்தைப் போக்கும் வலிமை அச்சொல்லுக்கு இல்லை என்பது மெய்.

நேருவின் விளக்கம் அடிப்படையற்றது என்று தள்ளுதலும் நேர்மையாகாது. அதிகாரம் தரும் சொல், சில சூழல்களில் கடமையையும் உடன் சுமத்தக்கூடும் என்பதை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1880-ஆம் ஆண்டிலேயே ஒரு வழக்கில் ஆராய்ந்துள்ளது. ஆயினும் நான் கருதுவது இது: உறுதி சொல்பவர் உள்ளத்தில் இருந்தால் போதாது, எழுதிய சொல்லிலும் அது இருத்தல் வேண்டும். நல்லெண்ணம் அதனை உடையவரோடு மறையும். எழுத்தோ பின்வருவோர் கைக்குச் சேரும்.

1967-இல் நிறைவேறிய திருத்தம் இதனை ஒருவாறு சீர்செய்தது. 'மே' என்பது தன் பழைய இடத்திலேயே இருந்தது. ஆனால் இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் நடத்தும் தொடர்புக்கு ஆங்கிலத்தையே பயன்படுத்துதல் வேண்டும் என 'ஷல்' சேர்ந்தது. அத்தகைய மாநிலங்களின் சட்டமன்றங்கள் யாவும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானித்து, நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் அவ்வாறே தீர்மானிக்கும்வரை இவ்வேற்பாடு நீடிக்கும் என்பதும் சட்டமாயிற்று. முன்னர் ஆள்வோர் விருப்பமாக இருந்தது, பின்னர் அவர்தம் கடமையாயிற்று.

இவ்வேறுபாடு நாடாளுமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. மயிலாப்பூரில் வீடொன்றை வாடகைக்குப் பெறுபவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார் என்று கொள்வோம். வீட்டின் உரிமையாளர் பழுது 'பார்க்கலாம்' என்றிருக்கிறதா, 'பார்த்தல் வேண்டும்' என்றிருக்கிறதா என்பது, ஐப்பசி மழையில் கூரை ஒழுகும்போது தெரியும். வெள்ளம் 'வரக்கூடும்' என்பதற்கும் 'வரும்' என்பதற்கும் உள்ள தொலைவை அடையாற்றங்கரையில் வாழ்வோர் அறிவர்.

ஆதலின் ஆங்கிலம் பயிலும் மாணவர், ஒரு துணைவினைக்கு ஒரு தமிழ்ச்சொல் என நெட்டுருச் செய்தல் பயன் தராது. 'நீ போகலாம்' என்பது இசைவு; 'மழை வரலாம்' என்பது வாய்ப்பு; இரண்டிற்கும் 'மே' பொருந்தும். 'வரி செலுத்த வேண்டும்' என்பது கடமை. 'விளக்கு எரிகிறது, உள்ளே ஆள் இருக்க வேண்டும்' என்பது துணிபு. இரண்டிற்கும் 'மஸ்ட்' பொருந்தும். எதிர்மறையிலோ இன்னும் விழிப்பு வேண்டும். 'நாளை வர வேண்டா' என்னும் நம் தொடர் தடையாகவும் இருக்கலாம். வருவது கட்டாயமன்று என்னும் சலுகையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'மஸ்ட் நாட்' என்றால் தடை. 'நீட் நாட்' என்றால் சலுகை. ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதுபவர், சலுகை தரப்பெற்றவரைத் தடுத்து நிறுத்தியவராவார்.

எனவே எம்மொழியில் எழுதினும், நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் நன்று: இச்சொல்லால் கடமை யார்மேல் விழுகிறது? நான் இல்லாத காலத்தும் இது இப்பொருளையே தருமா? அரங்கநாதன் பெயர் தாங்கிய சுரங்கப்பாதையைக் கடக்கும் மாணவர் இவ்வினாக்களை மனத்தில் கொள்வாராயின், அப்பெயருக்கு அவர் செய்யும் சிறப்பு அதுவே ஆகும்.