கேட்டவர் மட்டும் கெட்டவரா?

பெண்கள் பக்கத்தில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. நம்ம மேற்கு மாம்பலத்துப் பிள்ளை அஸ்வினை வைத்து வீட்டுக்கு வீடு நடக்கிற வாக்குவாதத்தில், நமக்கும் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது.

106 டெஸ்ட்களில் 537 விக்கெட் எடுத்துவிட்டு, 2024 டிசம்பரில் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். டெஸ்ட் விக்கெட்டில் இந்தியர்களில் அனில் கும்ப்ளேவுக்கு அடுத்த இடம். இருந்தும் தி.நகர் பஸ்ஸிலோ, மயிலாப்பூர் மாட வீதியிலோ அவர் பேரை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் "என்ன மூளை!" என்பார்கள். மீதிப் பேர் "எல்லாம் சரி, அன்னிக்கு அவர் பண்ணினது நல்லா இல்லே" என்பார்கள்.

'அன்னிக்கு' என்பது 2019 மார்ச் 25. ஜெய்ப்பூரில் ஐ.பி.எல். ஆட்டம். பஞ்சாப் அணிக்கு அஸ்வின் கேப்டன். ராஜஸ்தானுக்கு 185 ரன் வேண்டும். ஜோஸ் பட்லர் 69 ரன்னோடு வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அஸ்வின் பந்து போட வந்தபோது, அவர் பக்கத்து முனையில் நின்ற பட்லர், பந்து கையை விட்டுப் போகும் முன்பே கோட்டை விட்டு வெளியே நகர்ந்தார். அஸ்வின் பந்தைப் போடாமல் ஸ்டம்ப்பைத் தட்டிவிட்டார். பட்லர் அவுட்! கடைசியில் பஞ்சாபுக்கு 14 ரன்னில் வெற்றி.

"ரூல்ல இருக்கு, செஞ்சார்" என்பது என் வீட்டுக்காரர் கட்சி. "ரூல் இருந்தா போதுமா? ஒரு தடவை எச்சரிச்சு விட்டிருக்கலாமே" என்பது மாமனார் கட்சி. ஒருவர் சட்டத்தைப் பேசுகிறார், இன்னொருவர் பண்பைப் பேசுகிறார். கேள்வியே வேறு வேறு. அப்புறம் சண்டை எப்படித் தீரும்?

மாமனார் சொல்வதிலும் நியாயம் உண்டு. அஸ்வின் பந்து போடுவது போல வந்து, சற்று நின்று, பிறகுதான் தட்டினார். அது பலருக்கு உறுத்தியது. ஆனால் நான் கேட்பது இதுதான்: பண்பை ஏன் ஒருத்தரிடம் மட்டும் எதிர்பார்க்கிறோம்? ஓர் அடி முன்னால் போய் லாபம் பார்ப்பவருக்கு அது கிடையாதா?

1947-ல் சிட்னி டெஸ்ட்டில் நம் வினு மன்கட், ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படித்தான் அவுட் ஆக்கினார். எதிரணிக் கேப்டன் பிராட்மேனே மன்கட் செய்தது தப்பில்லை என்றார். ஆனாலும் இந்த அவுட்டுக்கு 'மன்கட்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். கோட்டைத் தாண்டியவர் பேர் மறைந்துவிட்டது, பிடித்தவர் பேர் நின்றுவிட்டது!

2022 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் நம் தீப்தி சர்மா, இங்கிலாந்தின் சார்லி டீனை இதே போல் அவுட் ஆக்கியபோதும் அதே வசவுதான். அடுத்த வாரமே அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்தில், இந்த அவுட்டை 'முறையற்ற ஆட்டம்' பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண 'ரன் அவுட்'டில் சேர்த்தார்கள். சட்டம் மாறியும் வாய்கள் மாறவில்லை.

இது நமக்குப் புதுசா என்ன? ரேஷன் கியூவில் நடுவே புகுந்தவரை யாரும் கேட்பதில்லை. "பின்னாடி போய் நில்லுங்க" என்று சொல்கிறவளுக்குத்தான் சண்டைக்காரி பட்டம். தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பங்களில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. இன்றும் பங்கு கேட்கிறவளைப் பார்த்து, "கூடப் பிறந்தவன்கிட்டேயே கேக்கறாளே, மனசாட்சி இருக்கா?" என்கிறார்கள். கொடுக்காதவன் மனசாட்சியைப் பற்றி மூச்சு விடுவதில்லை!

விட்டுக்கொடுப்பது உயர்ந்த குணம்தான். 1987 உலகக் கோப்பையில் லாகூரில் கோர்ட்னி வால்ஷ் இப்படி அவுட் ஆக்காமல் விட்டார். அவருடைய வெஸ்ட் இண்டீஸ் அணி தோற்றது, உலகமே அவரைப் புகழ்ந்தது. புகழட்டும். ஆனால் அது அவராக மனமுவந்து கொடுத்தது. கொடுக்காதவரைக் கடன்காரர் மாதிரி ஏசக் கூடாது.

இனி உங்கள் வீட்டில் இந்தச் சண்டை வந்தால், "முதல்ல கோட்டைத் தாண்டினது யாரு?" என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசச் சொல்லுங்கள். கிரிக்கெட்டுக்கு மட்டும் இல்லை, சகோதரிகளே, எல்லாச் சண்டைக்கும்தான்!

– ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை - 4.