கணிப்பு இயற்பியலும் நம் புறநகர்க் கல்லூரிகளும்

தமிழ் கற்பிப்பவனுக்கு இயற்பியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிப் பிள்ளைகளோடு பல ஆண்டுகளாகப் பழகி வருபவன் நான். முதுகலை இயற்பியல் மாணவர்கள் ஒரு பாடத்தை எப்படிக் கற்கிறார்கள் என்பதை அருகிருந்து காண்கிறேன். அதைப்பற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் பெயர். 'கம்ப்யூட்டேஷனல் ஃபிசிக்ஸ்' என்பதைச் சிலர் 'கணினி இயற்பியல்' என்கின்றனர். கணினி எப்படி இயங்குகிறது என்று சொல்லும் துறை போலும் என்ற மயக்கத்தை இப்பெயர் தந்துவிடுகிறது. உண்மையில் இது தாளில் தீர்க்க இயலாத சமன்பாடுகளை எண்களாக்கி, படிப்படியாகக் கணித்து, இயற்கையின் போக்கை அறியும் துறை. எனவே 'கணிப்பு இயற்பியல்' என்பதே பொருந்தும் எனக் கருதுகிறேன். அவ்வாறே 'சிமுலேஷன்' என்பதற்கு 'உருவகப்படுத்துதல்' என்ற சொல் வழங்குகிறது. உவமத்தை வினை, பயன், மெய், உரு என வகுத்த தொல்காப்பியரை அறிந்தோர்க்கு இச்சொல் சற்று நெருடும். கணினிக்குள் ஓடும் ஊசல் உண்மை ஊசலின் வடிவத்தை ஒத்ததன்று. அதன் செயலை ஒத்தது. அது வினையுவமம். இந்த ஒப்புமை எந்த இடத்தில் பொய்த்துப்போகிறது என்று கண்டுபிடிப்பதே இத்துறையின் உயிர்.

இக்கலை நமக்கு அயலானதும் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி.என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து 1963இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திருகக்கூடிய கோணங்கள் இரண்டு. அக்கோணங்களை மாற்றிக்கொண்டே போனால், எந்த நிலைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும், எவற்றில் மோதா என்று அவர்கள் கணித்தனர். அதன் விளைவே 'இராமச்சந்திரன் வரைபடம்'. ஆய்வாளர் ஒருவர் புதிய புரத வடிவம் ஒன்றை முன்வைத்தால், அது ஏற்கத்தக்கதா என்று சோதிக்க இன்றும் உலகெங்கும் இவ்வரைபடத்தை நாடுகிறார்கள். அக்கணிப்புக்கு மூலதனம் பெரும் எந்திரமன்று. எதைக் கணிக்க வேண்டும் என்ற தெளிவு.

வெளியுலகில் 1953இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஃபெர்மி, பாஸ்டா, உலாம் ஆகியோர் சுருள்வில்களால் கோக்கப்பட்ட எடைகளின் அசைவை 'மேனியாக்' கணினியில் ஓட்டினர். அதற்கு நிரல் எழுதியவர் மேரி சிங்கு என்ற பெண்மணி. 1955இல் வந்த அறிக்கையின் ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் இல்லை. ஆற்றல் எல்லா அசைவுகளுக்கும் பரவிவிடும் என எதிர்பார்த்தார்கள். அதுவோ ஏறத்தாழத் தொடங்கிய நிலைக்கே திரும்பிவந்தது. ஹைதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான் 1964இல் 864 ஆர்கான் அணுக்களைக் கணினியில் நகர்த்தி, ஒரு திரவத்தின் இயல்பைக் கணித்துக் காட்டினார். கோட்பாடு, சோதனை என்ற இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழியொன்று இவ்வாறுதான் திறந்தது.

இத்தகைய துறை நம் கல்லூரிகள் பலவற்றில் என்னவாக இருக்கிறது? ஒரு தாள், ஒரு செய்முறைத் தேர்வு, பழுப்பு அட்டை போட்ட ஒரு ரெக்கார்டு நோட்டு. முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டிலிருந்து நிரலைப் பார்த்தெழுதி, விடையையும் பார்த்தெழுதி, கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். ரங்கே–குட்டா முறையை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவிக்கு, அது ஏன் தேவைப்பட்டது என்று எவரும் சொன்னதில்லை.

ஓர் எளிய எடுத்துக்காட்டு. ஊசலின் இயக்கத்தை ஆய்லர் முறையில் கணித்தால், ஒவ்வொரு வீச்சிலும் அது முன்னைவிட அகலமாக ஆடும். யாரும் தள்ளாமலே ஆற்றல் கூடிக்கொண்டு போகும்! இயற்கையில் நடவாத ஒன்றைக் கணினி கூசாமல் சொல்கிறது. இப்போது முதலில் புதிய வேகத்தைக் கணித்து, அந்தப் புதிய வேகத்தைக்கொண்டே இருப்பிடத்தைக் கணிக்குமாறு நிரலை மாற்றுங்கள். இரண்டு வரிகளின் வரிசைதான் மாறுகிறது. போதிய அளவு சிறிய காலப்படி வைத்தால் ஊசல் அடங்கி, எல்லைக்குள் ஆடும். ஏன் என்று கேட்கும் மாணவன் ஆற்றல் அழியாமை என்னும் விதியை அன்றுதான் உண்மையில் கற்கிறான். பார்த்தெழுதுகிறவனுக்கோ இரண்டு விடைகளும் ஒன்றே.

கணிதம் வலுவாக இல்லாத பிள்ளைகளிடம் கணினியைக் கொடுத்தால் குருட்டு எண்களே மிஞ்சும் என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அக்குருட்டுத்தனத்தைக் கண்ணெதிரே காட்டும் இடமும் இதுவே. தாளில் செய்த பிழை விடைத்தாள் திருத்துபவருக்கு மட்டும் தெரியும். திரையில் எல்லை மீறி ஆடும் ஊசல் செய்தவனுக்கே தெரியும்.

இப்பிள்ளைகளில் பலர் தம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறுபவர்கள். எம்.எஸ்சி., அதன்பின் பி.எட்., பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம் என்று ஒரே பாதையைத்தான் அவர்கள் அறிவார்கள். விலையுயர்ந்த ஆய்வுக்கருவிகளைப் பெருநிறுவனங்களே வாங்க முடியும். புறநகர்க் கல்லூரி அதில் போட்டியிட இயலாது. கணிப்பு இயற்பியலுக்கோ ஒரு சாதாரண மடிக்கணினி தொடக்கத்திற்குப் போதும். பைத்தானும் ஃபோர்ட்ரான் தொகுப்பியும் இலவசமாகவே கிடைக்கின்றன. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோதே கருவி என்ற தடை பாதி நீங்கியது. எஞ்சியிருப்பது கற்பிக்கும் முறை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ரெக்கார்டு நோட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு கணிக்கட்டும். தம் விடையை ஏன் நம்பலாம், எந்த இடத்திற்குமேல் நம்பக்கூடாது என்று நான்கு பக்கம் எழுதட்டும். விரும்புவோர் தமிழிலேயே எழுதட்டும். மொழியைத் திருத்தித்தர எம்மைப் போன்ற தமிழாசிரியர்கள் இருக்கிறோம். நிரலை இன்று எந்திரமே எழுதித் தந்துவிடுகிறது. அது தரும் விடையை ஐயுறும் பழக்கத்தை மாணவருக்கு ஆசிரியர்தான் தரவேண்டும்.