ஜட்டி கேஸும் ஜெனீவா கோர்ட்டும்

செவன் கிங்ஸ்ல நாங்க அஞ்சு பேரு, ஒரே வீடு, ஒரே வாஷிங் மெஷின். போன ஞாயித்துக்கிழமை எது யாரோட டி-சர்ட்னு தெரியாம லேபிளைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன். பாதிக்கு மேல பங்களாதேஷ். இந்தியான்னு போட்டது மூணே மூணு. திருப்பூர்க்காரனுக்கு இது மானப் பிரச்சனை இல்லீங்களா? :)

கூலி கம்மிங்கறது மட்டும் காரணம் இல்லீங்க. மிகவும் பின்தங்கிய நாடுங்கற கணக்குல பங்களாதேஷ் பனியன் பல வருஷமா இங்க வரியே இல்லாம இறங்குச்சு. நம்ம பனியனுக்குப் பத்து சதவீதம் வாக்குல வரி. இந்தத் தொழில்ல பத்து சதவீதம்னா லாபம் மொத்தத்தையும் முழுங்கிடும். அதனாலதான் 2025 ஜூலை 24 அன்னிக்கு இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஊர்ல இருந்து மாமா போன். "மாப்ளே, இனி லண்டன் நம்ம கையில"ன்னாரு. அவரு வெச்சிருக்கறது இருபது மெஷின், ஜாப் ஒர்க்தான். ஆனா சந்தோஷம் என்னவோ பெரிய எக்ஸ்போர்ட்டர் மாதிரி.

ஒரு மாசம் சொச்சம். ஆகஸ்ட் 27 அன்னிக்கு அமெரிக்கா இந்தியச் சரக்கு மேல வரியை 50 சதவீதம் ஆக்குச்சு. மறுபடி மாமா போன், குரலே வேற. தெச்சு அடுக்கி வெச்ச பீஸை எடுப்பாங்களா மாட்டாங்களான்னு மேல இருக்கறவங்க யாரும் சொல்லலையாம்.

எல்லாரும் இதை ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதின்னு பார்க்கறாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. ரெண்டுலயும் ஒரு பெரிய நாடு நம்மளைத் தனியா கூப்பிட்டு, நமக்குன்னு ஒரு ரேட் போடுது. இங்க ரேட் கம்மி, அங்க ஜாஸ்தி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படி ஆளுக்கொரு ரேட் கூடாதுன்னுதான் 1947ல ஜெனீவாவுல 23 நாடுங்க சேர்ந்து காட் ஒப்பந்தம் போட்டாங்க. அதுல இந்தியாவும் உண்டு, சிலோனும் உண்டு. ஒருத்தருக்குக் குடுக்கற சலுகையை எல்லாருக்கும் குடுங்கறதுதான் முதல் பிரிவே. உடனே 'ஆஹா'ன்னு எழுந்து நின்னு கை தட்டிடாதீங்க. துணி விஷயத்துல மட்டும் பணக்கார நாடுங்க இந்த விதியை ஓரங்கட்டிட்டாங்க. 1974ல இருந்து பல்லிழை ஒப்பந்தம். எந்த நாட்டுல இருந்து எத்தனை சட்டை, எத்தனை பனியன் வரலாம்னு கோட்டா. திருப்பூர்ல தைக்காமலே, கையில இருந்த கோட்டாவை வித்தே காசு பார்த்தவங்க கதையெல்லாம் பெருசுங்க கிட்ட கேட்டாத் தெரியும். 1995ல உலக வர்த்தக அமைப்பு வந்து, பத்து வருஷம் இழுத்து, 2004 கடைசி நாளோடதான் கோட்டா ஒழிஞ்சது. தனியா ஒரு நாடு கெஞ்சி வாங்கினதில்லை அது, எல்லாரும் ஒரே மேசையில உக்காந்து பேசி வாங்கினது.

அந்த அமைப்புல எனக்குப் பிடிச்சதே அதோட கோர்ட்தான். நம்ம ஊருக்கு ஏத்த கேஸ் ஒண்ணு சொல்றேன். அமெரிக்கா 1995ல கோஸ்டாரிகாவுல இருந்து வர்ற ஜட்டிக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. கோஸ்டாரிகா சொந்தமா ராணுவம்கூட இல்லாத குட்டி நாடு. கேஸ் போட்டு, அப்பீல் வரைக்கும் போயி, 1997ல ஜெயிச்சாங்க. சத்தியமா ஜட்டி கேஸ்தாங்க! அதே வருஷம் கம்பளிச் சட்டை விஷயத்துல இந்தியாவும் அமெரிக்காவை ஜெயிச்சது.

இன்னிக்குப் போனா? அப்பீல் கோர்ட்ல உக்கார ஏழு பேரு வேணும். புது ஆளுங்களை நியமிக்க அமெரிக்கா ஒத்துக்கவே இல்லை. (டிரம்ப்பை மட்டும் திட்டாதீங்க, 2016ல ஒபாமா காலத்துலயே ஆரம்பிச்ச வேலை இது.) 2019 டிசம்பர்ல பெஞ்ச் முடங்குச்சு, 2020 நவம்பரோட கடைசி ஆளும் போயாச்சு. இப்ப தோத்தவன் அப்பீல் போட்டாப் போதும், விசாரிக்க ஆளில்லாம கேஸ் அந்தரத்துல தொங்கும். நாமளும் யோக்கியம் இல்லை. கரும்பு, சர்க்கரை மானியக் கேஸ்ல பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா கிட்ட 2021ல தோத்துட்டு, அதே அந்தரத்துலதான் அப்பீல் போட்டோம்.

'எஃப்.டி.ஏ இருக்கறப்ப கோர்ட் எதுக்கு'ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். மாமா இருபது மெஷினையும் லோன்ல வாங்கினவரு. லோன் அஞ்சு வருஷம். வரி கொஞ்சம் குறையறதை விட, அந்த அஞ்சு வருஷமும் ராத்திரியோட ராத்திரியா வரி மாறாதுங்கறதுதான் அவருக்கு வேணும். மாறினா போயி நிக்க ஒரு இடம் வேணும். அமெரிக்கா போட்ட 50 சதவீதத்தை எதிர்த்துப் போயி நிக்க அப்படி ஒரு இடம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் இன்னும் சில நாடுங்களும் 2020ல தங்களுக்குள்ள ஒரு தற்காலிக அப்பீல் ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. பிரிட்டன் 2025ல சேர்ந்துச்சு. இந்தியா ஆரம்பத்துல இருந்தே வெளிய நின்னு, பழைய கோர்ட்தான் வேணும்னு சொல்லிட்டு இருக்கு. கேட்கறது நியாயம்தான். ஆனா அது வர்ற வரைக்கும் இதுல சேர்றதுல என்ன நஷ்டம்னு எனக்குப் புரியல. மாத்துக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க.