பாலைக்கும் ஒரு பெயர் உண்டு

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு பருவம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பிப்ரவரி மாத நீண்ட வார விடுமுறையில் நண்பர்கள் நால்வர் வாடகைக் காரில் மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். பெயரைக் கேட்டதும் தொலைபேசியில் அம்மா பதறினார். “ஏம்ப்பா, உனக்கு வேற எடமே கெடைக்கலையா?” என்றார்.

அம்மாவின் அச்சம் நியாயமானதே. 1913-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் அங்குப் பதிவான 56.7 பாகை செல்சியஸ்தான் உலகின் மிக உயர்ந்த வெப்பநிலை என இன்றும் ஏற்கப்படுகிறது. ஆனால், நாங்கள் சென்றதோ குளிர்காலம். பகலில் கேமரன் மலையின் இதம். இரவில் நடுக்கும் குளிர். பாலைக்கு வேனிலோடு பின்பனியும் உரிய காலம் என்று தொல்காப்பியர் சொன்னதை இலக்கியப் பாடத்தில் மனனம் செய்திருக்கிறேன். பாலை என்றால் எப்போதும் கொதிக்கும் மணல் அல்ல என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே உள்ள பேட்வாட்டர் என்ற இடத்தில் இறங்கினோம். வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்வான நிலம் அது. கால் பட்ட இடமெல்லாம் உப்பு. எதிரே 3,366 மீட்டர் உயரத்தில் பனி மூடிய டெலஸ்கோப் சிகரம். படம் எடுத்து முடித்ததும், “அழகுதான். ஆனால், இங்கே ஒன்றுமே இல்லையே!” என்றேன்.

அந்தச் சொல்லுக்காகப் பிறகு வெட்கப்பட்டேன். அப்பள்ளத்தாக்கில் திம்பிஷா ஷோஷோனி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு, கோடையில் மலை என்று காலத்தோடு இடம் மாறியவர்கள். மெஸ்கீட் மரத்தின் காயும் பைன் மரத்தின் கொட்டையும் அவர்களின் உணவு. ‘திம்பிஷா’ என்பது அம்மண்ணின் செங்காவிக் கல்லைக் குறிக்கும் பெயர். ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்பதோ, 1849-இல் தங்கம் தேடிக் குறுக்குவழியில் வந்து ஒரு குளிர்காலம் சிக்கித் தவித்தவர்கள் இட்ட பெயர். வழி தெரியாமல் வந்தவர் இட்ட பெயர் வரைபடத்தில் ஏறியது. வாழ்ந்தவர் இட்ட பெயர் மறைந்தது.

‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்லப்பட்ட நிலத்தை எடுத்துக்கொள்வது எளிது. 1933-இல் அப்பகுதி தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்ட பின், அம்மக்கள் ஒரு சிறு கிராமத்துக்குள் ஒதுக்கப்பட்டார்கள். பின்னாளில், அவர்கள் விட்டுச் சென்றிருந்த மண் வீடுகள் நீர் பாய்ச்சிக் கரைக்கப்பட்டன. 1983-இல்தான் அவர்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 7,700 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் மீண்டது.

திரும்பும் வழியில் அமெரிக்க நண்பன் என் பாட்டியின் ஊரைப் பற்றிக் கேட்டான். ரப்பர் தோட்டம் என்றேன். இப்போது வீடமைப்புப் பகுதி என்றேன். “உங்கள் மக்கள் அதை எப்படி அழைத்தார்கள்?” என்றான். பெயர்ப்பலகையில் இருந்த ஆங்கிலப் பெயரைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவே பாட்டியை அழைத்தேன். ஆற்றோரம் நின்ற ஒரு மரத்தை வைத்துத் தோட்ட மக்களே இட்ட தமிழ்ப் பெயரைப் பாட்டி தயங்காமல் சொன்னார். பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, லயத்துக் கடைசி வீடு என்று ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டே போனார். “இத்தன வருசமா யாரும் கேக்கலையே, சாமி” என்றார். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவன் நான். இடைநிலைப்பள்ளியிலும் தமிழை விடாமல் படித்தவன். ஆயினும், இருபத்திரண்டு வயது வரை அதைக் கேட்கத் தோன்றவில்லை.

தோட்டம் வறுமையின் அடையாளம், அது மறைந்தது நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். லயத்துக்குத் திரும்ப எனக்கும் விருப்பமில்லை. அப்பா அங்கிருந்து வெளியேறியதால்தான் நான் பல்கலைக்கழகம் வந்தேன். ஆனால், வெளியேறுவது வேறு, மறப்பது வேறு. நாளை ஒருவர் வந்து, “இங்கு முன்பு ஒன்றுமே இல்லை” என்றால், பதில் சொல்ல நம்மிடம் ஒரு பெயராவது இருக்க வேண்டாமா?

தமிழை வளர்ப்பது மேடையில் மட்டும் நடப்பதன்று. இந்த விடுமுறையில் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தோட்டத்தின் தமிழ்ப் பெயரையும், கோயில், பள்ளி, லயம் இருந்த இடங்களையும் கேட்டு எழுதி வருவோம். அடுத்த ஆண்டு மலரில் அதற்குச் சில பக்கங்கள் ஒதுக்குவோம். பாட்டிக்கு இப்போது எண்பத்தொரு வயது. காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆள் இருக்காது.