கட்டினால் போதுமா?

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே பாபநாசத்தில், 1880-களில் ஹார்வி கம்பெனியார் தாமிரபரணி நீரின் விசையை நம்பி நூல் ஆலை தொடங்கினார்கள். கிழக்கே வீரவநல்லூர், கைத்தறிக்குப் பேர் பெற்ற ஊர். நூற்பவரும் நெய்பவரும் ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள்தாம். ஆனால் நூல் வராவிட்டால் முதலில் பட்டினி கிடப்பவர் நெய்பவரே.

2021-ஆம் ஆண்டில் மின்னணுச் சில்லுகள் வந்து சேராமல் பெரிய கார்த் தொழிற்சாலைகளே உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. அவற்றுக்கே அந்தக் கதி என்றால், ஒற்றைத் தறிக்காரர் எம்மாத்திரம்?

இதை உத்தேசித்தே சர்க்கார் ஆலைகளுக்கு ஒரு கடமையை விதித்தது. சாயம் தோய்க்கவும் கஞ்சி போடவும் கைத்தறிக்கு வேண்டியது சிட்டா நூல். பருத்தி நூலில் ஒரு சிட்டம் 840 கெஜம். உள்நாட்டு உபயோகத்துக்கு ஆலை கட்டும் நூலில் பாதி சிட்டமாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2003-இல் அது 40 சதவீதமாயிற்று. 2019-இல் 30 சதவீதமாயிற்று.

ஆலைகள் இந்தக் கடமையை நிறைவேற்றினவா?

நிறைவேற்றினோம் என்பது ஆலைக்காரர் வாதம். சிட்டம் சுற்றுவதற்குத் தனி ஆள், தனிச் செலவு. வாங்குவோரும் குறைந்துவிட்டனர் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் தொகை, 2019-20-இல் 35.22 லட்சமாகக் குறைந்தது.

நெசவாளர் கேட்பது வேறு. கட்டிய நூல் எங்கே போயிற்று? சிட்டா நூல் விசைத்தறிக்குத் திருப்பப்படுகிறது என்ற புகார் நெடுநாளையது. ஓர் ஆலையின் கடமையை வேறோர் ஆலை ஏற்றுக் கட்டிக் கொடுக்கவும் விதியில் இடமுண்டு. ஏட்டில் கணக்கு நேராகிவிடும். தறியில் பாவு ஏறியதா என்பதற்கு அது சாட்சியாகாது.

ஆகவே குறை ஆலையில் மட்டும் இல்லை. அளக்கும் இடத்திலும் இருக்கிறது. விதி கட்டுவதைக் கணக்கிடுகிறதே தவிர, சேர்வதைக் கணக்கிடவில்லை. நெசவாளர் குறைந்தால் சதவீதத்தையும் குறைக்கலாம், அது நியாயமே. ஆனால் அந்தக் குறைந்த அளவாவது உரியவர் கைக்கு வர வேண்டாமா?

ஆலையின் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நூல் வரவுப் புத்தகத்தையும் வைத்துப் பார்க்கட்டும். இரண்டும் ஒத்துப்போனால் ஆலைக்காரரைத் தாராளமாகப் பாராட்டலாம். ஒத்துப்போகாவிட்டால், இடையில் நூலை வாங்கியவர் யார் என்று சர்க்கார் விசாரிக்கட்டும்.