முன் சக்கரம் தூக்குது! கரும்பு டிராக்டர் கொக்கியில் எவ்வளவு பாரம்?

கள்ளக்குறிச்சி,-

ஸ்டியரிங்கை டிரைவர் இடப்பக்கம் ஒடிக்கிறார். டிராக்டரோ நேராகவே போகிறது!

எட்டிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டும் தரையில் இல்லை. ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நிற்கின்றன. பின்னால் மலை மாதிரி கரும்பு.

அரவைப் பருவம் வந்துவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வாய்க்கால் பாலத்து மேட்டிலும், வயலில் இருந்து ரோடு ஏறுகிற சரிவிலும் இந்தக் கூத்தைப் பார்க்கலாம். கச்சிராயப்பாளையத்தில் ஒன்று, மூங்கில்துறைப்பட்டில் ஒன்று என்று இங்கே இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். கரும்பு லாரியிலும் வருகிறது, டிராக்டர் டிரெய்லரிலும் வருகிறது. முன் சக்கரம் தூக்குவது டிராக்டருக்குத்தான்.

"ஓவர் லோடு, அதான் தூக்குது" என்று ரோட்டோரம் நிற்பவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி கொக்கியில் இருக்கிறது!

முன்பாரம், பின்பாரம்

இந்த விஷயம் பழைய மாட்டு வண்டிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் தள்ளி அடுக்கினால் பின்பாரம். நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். அதனால் வண்டியில் ஏற்றிய பிறகு ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். கொஞ்சம் முன்பாரம் இருந்தால் சரி என்று மாட்டைப் பூட்டுவார்கள்.

மாடு போய் டிராக்டர் வந்தது. தூக்கிப் பார்க்கிற பழக்கமும் மாட்டோடு போய்விட்டது!

இரண்டு சக்கர டிரெய்லர் அதே மாட்டு வண்டிதான். நுகத்தடி இருந்த இடத்தில் இப்போது கொக்கி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அதுதான் ஆளைக் கொல்லுகிறது. மாட்டின் கழுத்து முன்னங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிராக்டரின் கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இரண்டடி தள்ளி இருக்கிறது. அங்கே பாரம் விழுந்தால் டிராக்டர் ஏற்றப் பலகை ஆகிவிடும். வால் கீழே போகும், தலை மேலே வரும்.

கணக்கு என்ன சொல்கிறது?

சுமாராக 2 டன் எடை உள்ள டிராக்டரை எடுத்துக் கொள்வோம். அதில் முன் சக்கரத்தின் மேல் நிற்பது 800 கிலோ போல. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர். கொக்கி பின் அச்சில் இருந்து 70 சென்டிமீட்டர் பின்னால்.

டிரெய்லரில் 8 டன் கரும்பு. அந்தச் சுமையின் நடுப்புள்ளி டிரெய்லர் அச்சை விட அரை மீட்டர் முன்னால் விழுந்தால், கொக்கியில் ஏறுவது சுமார் 1 டன். இதனால் முன் சக்கரம் இழப்பது 350 கிலோ. மிச்சம் 450. இது சமதரையில்.

பத்தடிக்கு ஓரடி உயர்கிற மேட்டில் இழுத்தால் அந்த 450-லும் ஏறத்தாழ பாதி காலி. டிரெய்லர் பின்னோக்கி இழுக்க, டிராக்டர் மூக்கைத் தூக்க ஆரம்பிக்கும். அப்போது டிரைவர் கியரைப் போட்டு, கிளட்சைப் படக்கென்று விட்டால் முடிந்தது கதை.

வெறும் டிராக்டர் எடையில் குறைந்தது 20 சதவீதம் முன் அச்சில் நின்றாக வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகளில் விதி. அதாவது நம் கணக்கு டிராக்டருக்கு 400 கிலோ. அதே டிரெய்லரில் அதே மாதிரி 12 டன் ஏற்றினால் சமதரையிலேயே 275 கிலோதான் நிற்கும். மேடு வேறு தேவையில்லை!

சில இடங்களில் முன் பம்பரில் இரண்டு ஆளை நிற்கவைத்து அமுக்குகிறார்கள். கொடுமை! டிராக்டர் பின்பக்கமாகப் புரள ஒன்றரை விநாடி போதும். பம்பரில் நிற்பவன் எங்கே குதிப்பான்? இன்னும் சிலர் சங்கிலியைக் கொக்கியில் மாட்டாமல் மேலே ஏர்க்கலப்பை மாட்டுகிற இடத்தில் மாட்டி இழுக்கிறார்கள். பின் அச்சுக்கு மேலே இழுவை போனால் தலைகீழாகப் புரட்டும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் பாலபாடம். பம்பரில் இரும்பு வெயிட் மாட்டுவது நல்ல வழி. ஆனால் கொக்கியில் டன் கணக்கில் ஏற்றிவிட்டு, முன்னால் 100 கிலோ இரும்பைத் தொங்கவிட்டால் எவ்வளவு தாங்கும்?

பாரமே இல்லாவிட்டாலும் ஆபத்து

அப்படியானால் எல்லாவற்றையும் பின்னால் தள்ளி ஏற்றலாமே என்று கேட்கலாம். அதுவும் கூடாது. பின்பாரம் ஏறினால் கொக்கி மேலே எழும்பும். பின் டயருக்குப் பிடிப்பு போகும். டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். பின் சரியாகப் பூட்டப்படாமல் இருந்தால் கழன்றே போகும்.

அமெரிக்காவில் வீட்டையே டிரெய்லராகக் கட்டி இழுத்துப் போகிறவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வண்டிக்குப் பின்னால் கொக்கி என்றால் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் அதில் நிற்க வேண்டும். வண்டியின் பின் அச்சுக்கு மேலேயே தட்டு வைத்துப் பூட்டும் ரகம் என்றால் 15 முதல் 25 சதவீதம் வரை ஏற்றலாம். சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர் டிரெய்லர் லாரிகள் இந்தத் தட்டு ரகம்தான். பாரம் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ விழுவதால் முன் சக்கரம் தூக்குவதில்லை. டிராக்டருக்கு அந்த வசதி கிடையாது.

நாலு சக்கர டிரெய்லரில் கொக்கிப் பாரம் அனேகமாக இல்லை. முன் சக்கரம் தூக்குகிற தொல்லை குறைவு. ஆனால் இறக்கத்தில் அது வேறு முகம் காட்டும்.

மலை இறக்கத்தில்

கச்சிராயப்பாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற ரோடு கல்வராயன் மலையின் முக்கிய வழி. மேலே விளைகிற மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்கி வருகிறது. ஏறும்போது முன் சக்கரம் தூக்குவது பிரச்சினை என்றால், இறங்கும்போது டிரெய்லர் தள்ளுவதுதான் பிரச்சினை.

பல டிரெய்லர்களில் பிரேக் கிடையாது. 2 டன் டிராக்டரின் பிரேக் 10 டன்னைத் தாங்க வேண்டும். வளைவில் பிரேக்கை அழுத்தினால் பின்னால் வரும் டிரெய்லர் கொக்கியைப் பக்கவாட்டில் தள்ளி, இரண்டையும் கத்தி மாதிரி மடக்கிவிடும்.

இதில் ஒரு சின்ன விஷயம் பலருக்கு மறந்துவிடுகிறது. டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் பெடல். வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியாக விட்டிருப்பார்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதைப் போடாமல் மலை இறங்கினால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி பள்ளத்தைப் பார்க்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது அதைவிட மோசம்.

டன்னுக்குத்தான் கூலி

டிரைவரை மட்டும் திட்டிப் பயனில்லை. வாடகை டன் கணக்கில். ஒரு நடையில் கூடுதலாக ஏற்றினால் ஒரு நடை மிச்சம். வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் விவசாயிக்கோ கரும்பு காய்வதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. உயிர் மட்டும் டிரைவருடையது, எதிரே சைக்கிளில் வருகிறவனுடையது.

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி அதிக பாரத்துக்கு 20 ஆயிரம் ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம் ரூபாய் அபராதம். பாரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20 ஆயிரம். ஆனால் இந்தக் கணக்கு எல்லாம் மொத்த எடைக்குத்தான். கொக்கியில் எவ்வளவு என்று எந்த செக்போஸ்டிலும் கேட்பதில்லை.

அதை அளக்கப் புது மெஷின் எதுவும் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. ஆலை வாசலில் எடை மேடை இருக்கிறது. டிராக்டர் மட்டும் மேடையில் ஏறியதும், டிரெய்லரைக் கழற்றாமல் அரை நிமிடம் நிறுத்தி எண்ணைப் பார்க்க வேண்டும். அதில் வெறும் டிராக்டர் எடையைக் கழித்தால் வருவது கொக்கிப் பாரம். முன் சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தால் ஸ்டியரிங்குக்கு எத்தனை கிலோ மிச்சம் என்பதும் தெரிந்துவிடும். சீட்டில் இந்த இரண்டு எண்ணையும் குறித்துக் கொடுத்தால், அதே டிரைவர் அடுத்த நடைக்கு எந்தப் பக்கம் கட்டைத் தள்ளி அடுக்குவது என்று ஆளிடம் சொல்லுவார். இப்போது அந்தச் சீட்டில் கரும்பின் எடை மட்டும்தான் வருகிறது.